படத்தில் இல்லாத கிளை

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் சார். கேட்டதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தோத்தாத்ரி. ரயில்வேயில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன். பீர்க்கன்கரணையில் என் பால்கனிக்கு எதிரே ஒரு புங்கமரம் இருந்தது. எதிர்வீட்டு பரிதாம்மா கல்யாணமாகி வந்த வருஷம் நட்டது. அதன் நிழலில்தான் தையல் மெஷின் போட்டுத் தைப்பார். அந்த மரத்தை ஆயில் பெயின்டில் பதினான்கு மாதம் வரைந்தேன். பட்டைக்குக் கத்தியால் கெட்டியாக அப்பி, காய்வதற்குள் சீப்பால் கீறினேன். இலைகளுக்கு எண்ணெய் விட்டு இளக்கி, ஓர் இலைக்குத் தூரிகையால் ஒரே தொடல்.

முடித்ததும் பரிதாம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சூப்பரா கீது சார். ஆனா லெஃப்ட் சைடுல ஒரு கிளைய வுட்டுட்டீங்களே. என் மெஷினுக்கு நிழல் தர்றதே அதானே?”

எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆனால் படத்தில் அந்த இடத்து வானத்தை ஏழு மெல்லிய பூச்சில் கொண்டுவந்திருந்தேன். அதில் கை வைக்க மனசு வரவில்லை. மறுநாள் ரம்பம் வாங்கிவந்து கிளையை அறுத்தேன்.

பிறகு இலைகள். படத்தில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. மரத்தில் அதைவிட எவ்வளவோ அதிகம். ஏணி போட்டு ஒரு வாரம் பறித்தேன். பட்டையின் நிறமும் ஒத்துவரவில்லை. படத்தில் உள்ள பழுப்பையே கலந்து மரத்துக்கு மூன்று கோட்டிங் அடித்தேன். மிஞ்சிய டர்பன்டைனை வேரில் ஊற்றினேன்.

“இன்னா சார் பண்றீங்க? மரம் செத்துடும் சார்.”

“இப்பதாம்மா அது மரம் மாதிரி இருக்கு,” என்றேன்.

பதினெட்டு நாளில் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. மரம் மறுபடி படத்தை விட்டு விலகியது. எனக்கும் வயதாகிறது, எத்தனை முறை திருத்துவது? பரிதாம்மா கேளம்பாக்கத்துக்கு மகளைப் பார்க்கப் போயிருந்த அன்று அடியோடு வெட்டிச் சாய்த்தேன். மெஷின் மேல் விழுந்தது தற்செயல்.

திரும்பி வந்தவர் வெயிலில் உட்கார்ந்து அழுதார். ஆறுதலாக இருக்கட்டுமென்று படத்தை எடுத்துப்போய்க் காட்டினேன். அதற்குப் பிறகுதான் இங்கே புகார் கொடுத்திருக்கிறார்.

வேறொன்றும் இல்லை சார். காத்திருந்த நேரத்தில் உங்கள் ஏட்டு எட்மண்டைப் பென்சிலில் வரைந்தேன். அச்சு அசலாக வந்திருக்கிறது. அவருடைய இடது காதுதான் படத்தில் இருப்பதைவிடச் சற்று நீளம். பென்சில் சீவவென்று அவரிடமே ஒரு பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன்.