எதிர்க்கரை, ஒன்று

இரவு பதினொன்றே கால். பண்ணைகளுக்கு நடுவே ஒற்றை மண் சாலை. ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லை... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் ஜீப் டிரைவரின் சித்தப்பாவுக்கு நடந்தது.

அவரைத் தவளைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பண்ணைக் குட்டைகளில் எத்தனை ஜாதித் தவளை இருக்கிறது என்று கணக்கெடுப்பார். சிரிக்காதீர்கள், அப்படியும் ஓர் உத்தியோகம் உண்டு. சித்தியும் கூடப் போவார். ஆளுக்கொரு கரையில் நின்று, விளக்கை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் மூச்சுக் காட்டாமல் காது கொடுக்க வேண்டும். பேசினால் தவளைகள் வாயை மூடிவிடும், கணக்கு கெட்டுவிடும். ஒரு ஜாதிக்கு இருவரும் சீப்புத் தவளை என்று பெயர் வைத்திருந்தார்கள். சீப்பின் பல்லை நகத்தால் வருடினாற்போல் கிர்ர்ர்... கிர்ர்ர் என்று கத்தும். சேற்றுக் கரையில்தான் இருக்கும்.

போன வருடம் ஒரு குட்டை. தண்ணீர் மண்ணில் இறங்காமலிருக்க நாலு சரிவிலும் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்தது. ஈரமானால் அதில் கால் நிற்காது. இரண்டாவது நிமிடம் எதிர்க்கரையில் தொப்பென்று ஒரு சத்தம். பெரிய தவளை குதிக்கிறது என்று நினைத்தார். பிறகு... கிர்ர்ர்... கிர்ர்ர்... சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஸ்டிக் குட்டையில் சீப்புத் தவளையா! முடிந்ததும் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். இருட்டில் தடவித் தாளில் குறித்தார்: எதிர்க்கரை, ஒன்று.

மூன்று நிமிடம் அந்தச் சத்தம். பிறகு நின்றது. விளக்கைப் போட்டால்... எதிர்க்கரையில் சித்தியின் பை மட்டும் இருந்தது.

விடிந்துதான் சித்தியை வெளியே எடுத்தார்கள். சரிவு முழுக்க நகக் கீறல். வாய் நிறையத் தண்ணீர் போனால் எப்படிக் கூப்பிடுவார்? பாவம், அந்த மனிதர் அழக்கூட இல்லை.

இப்போது அந்தப் பதினொன்றே காலுக்கு வருவோம். அதே குட்டை, ஒரு வருடம் கழித்து. ஜீப்பை நிறுத்திவிட்டு டிரைவர் கெஞ்சினான்.

"சித்தப்பா, இந்தக் குட்டை மட்டும் வேணாம். வேற யாராச்சும் பாத்துக்கட்டும்."

"நான் பாத்துக்கலன்னுதான்டா இவ்வளவும்."

தனியாகப் போய் நின்றார். விளக்கை அணைத்தார். காது அடைக்கிற தவளைச் சத்தம். இரண்டாவது நிமிடம்... தொப். அப்புறம்... கிர்ர்ர்... கிர்ர்ர்...

"இதோ வந்துட்டேன்டி!" என்று கத்திக்கொண்டே கரையைச் சுற்றி ஓடினார். அத்தனை தவளையும் கப்சிப். அது மட்டும் நிற்கவில்லை.

சித்தி போனதிலிருந்து கயிறு இல்லாமல் அவர் எந்தக் குட்டைக்கும் போவதில்லை. ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை வீசினார்.

"புடிச்சுக்கோ... இடுப்புல கட்டிக்கோ..."

கயிறு விறைத்தது. டிரைவரும் ஓடிவந்து பிடித்தான். அவ்வளவு கனம். சேற்று வாடை... ஈரத் தலைமுடி வாடை... பாதிச் சரிவு ஏறியிருக்கும். கீறல் சத்தம் நின்றது. கயிறு சட்டென்று லேசாகிவிட்டது.

சித்தப்பா அங்கேயே உட்கார்ந்தார். "லேட்டாயிடுச்சு... மறுபடியும் லேட்டாயிடுச்சுடி..." ஒரு வருட அழுகை, மொத்தமாக வந்தது.

கயிற்றைச் சுருட்டியவன் டிரைவர்தான். வீசும்போது அது வெறும் கயிறு. இப்போது அதன் முனையில் ஒரு வளையம். இறுக்கிப் போட்ட இரண்டு முடிச்சு... ஒரு பெண்ணின் இடுப்பளவு.