சீட் அளவு முப்பத்து மூன்று

அளவு டேப்பைச் சுருட்டி வைக்கக் கூடாது. ஆணியில் தொங்கவிட வேண்டும். சுருட்டினால் மடிப்பு விழுந்து அளவு தப்பும். தொழில் கற்ற முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. பதினெட்டு வருடமாக அப்படித்தான் தொங்கவிடுகிறேன்.

கோச், உங்கள் ஜிம் பதிவேட்டில் என் தங்கையின் ஆறு மாத அளவுகள் தப்பாக ஏறிவிட்டன, ஏன் தப்பாயின என்று எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நியாயமான கேள்விதான். எழுதுகிறேன். நான் ஆத்திரத்தில் எதையும் செய்கிறவள் இல்லை, ஒரு காஜா பிசகினால்கூட நிதானமாகப் பிரித்துத் திரும்பத் தைப்பவள் என்பதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தை நீங்கள் குளூட்ஸ் என்கிறீர்கள். எங்கள் தொழிலில் அதற்குச் சீட் என்று பெயர். இடுப்பு, சீட், தொடை, கால் முனைக்குப் பாட்டம் என்று வரிசையாக எழுதுவோம். என் தங்கைக்கு இடுப்பு இருபத்தைந்து, சீட் முப்பத்து மூன்று. பக்கவாட்டில் நின்றால் தோளிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. பேண்ட் போட்டால் அது தங்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மர நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது என்று தலையணை போட்டுக்கொள்வாள். வீட்டில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். பெயர் வைத்தது நான்தான்.

ஆனால் அந்த உடம்பு எனக்கு ரொம்பத் தேவையாக இருந்தது. நான் தைப்பது அலுவலகம் போகும் பெண்களுக்கான பேண்ட். துணிமேல் வைத்து வெட்டும் என்னுடைய சின்ன அளவு பேட்டர்ன் அட்டை அவள் உடம்பை வைத்து வெட்டியது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கட்டிங் மேசை பக்கத்தில் நிற்பாள். நான் குண்டூசி குத்தி, சாக்பீஸில் கோடு போடுவேன். தெரியாமல் சதையில் குத்திவிட்டால்கூட, "அக்கா, அது நான்" என்று மெதுவாகத்தான் சொல்வாள். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவள் உடுத்திய ஒவ்வொரு துணியும் என் கையால் தைத்தது. இதைச் சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் அம்மா வந்தார். தங்கை பேண்ட் மாட்டி, கையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள். அந்த அம்மா தன் கைப்பையைக் கழற்றி அவள் கையில் தொங்கவிட்டுவிட்டு, "டெய்லரம்மா, பொம்மைக்கே இவ்வளவு அழகா இருக்குதே, ஆளுக்குப் போட்டா எப்படி இருக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. வாக்குமூலம் என்று வந்துவிட்ட பிறகு இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு சிரித்ததில் ஒன்று உதட்டில் குத்தியது, அது வேறு விஷயம்.

மறுநாளே அவள் உங்கள் ஜிம்மில் சேர்ந்தாள். நான் தடுக்கவில்லை. நாலு நாளில் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. ரப்பர் பட்டையைத் தொடையில் மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தே பட்டன் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரி பெஞ்சில் முதுகைச் சாய்த்து, என் துணி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்து, ஏற்றி இறக்கினாள். என் வீட்டுக்காரர் மரவேலை செய்பவர். பெஞ்ச் ஆடுகிறது என்று புகார் சொன்னேன். அந்த மனுஷன் அவளைக் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, பெஞ்சுக்கு இன்னொரு கால் வைத்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து நீங்கள் அவளிடம் சொன்னதை அவள் ஓடிவந்து என்னிடம் சொன்னாள்.

"அக்கா, கோச் வேற ஊர்ல புதுக் கிளை திறக்கறாங்களாம். ஒல்லியா இருக்கற பொண்ணுங்களுக்குன்னு தனி வகுப்பு. 'என்னைப் பாத்தா அவங்க நம்ப மாட்டாங்க, பொறப்புலயே இப்படின்னு நெனப்பாங்க, உன்னை மாதிரி ஒருத்தி வளந்து காட்டணும்'னாங்க. ஆறு மாசத்துல சீட் முப்பத்தாறு வந்துட்டா நான்தான் அங்க பயிற்சியாளர். மாடியிலயே தங்க ரூமும் தராங்க."

"சரி, கையைத் தூக்கு, இடுப்புல பின் போடணும்" என்றேன்.

ஞாயிறுதோறும் அவளுக்கு அளவு எடுக்கும் பொறுப்பை நீங்களே என்னிடம் கொடுத்தீர்கள். "அளவுன்னா டெய்லர் சொன்னாத்தான் சரி" என்று உங்கள் வாயால் சொன்னீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நேர்மையாகத்தான் அளந்தேன். முப்பத்து மூன்றரை. ஒரே மாதத்தில் அரை அங்குலம். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கு அட்டையைப் பற்றிக் கவலை வந்தது. சீட் அரை அங்குலம் ஏறினால் பின்பக்க வளைவு மாறும், வளைவு மாறினால் தொடை மாறும், அத்தனை பேட்டர்னும் பாழ். இதைத்தான் நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை.

இந்தக் காலத்து டேப் நீளாது. என்னிடம் பழைய துணி டேப் ஒன்று இருந்தது. துணி டேப் நாளாவட்டத்தில் இளகும், நீண்டுபோகும். நீண்ட டேப்பில் அளந்தால் அளவு குறைத்துக் காட்டும். எந்த டெய்லருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் பழைய டேப்பைத் தூர எறிவோம். நான் எறியவில்லை. ஈரத்துணியால் துடைத்து, ஆணியில் மாட்டி, கீழ் முனையில் இஸ்திரிப் பெட்டியைக் கட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு அளந்தபோது சரியாக முப்பத்து மூன்று காட்டியது.

"போன வாரம் அரை கூடியிருந்துச்சேக்கா?"

"அது நீர் கோத்த வீக்கம்" என்றேன்.

அதன்பிறகு வாரா வாரம் இதே வேலை. அவளும் வளர்ந்தாள், டேப்பும் வளர்ந்தது. பேண்ட் பிடிக்கத் தொடங்கினால் சந்தேகம் வருமே, அதனால் அவள் குளிக்கப் போகும் நேரத்தில் சீட் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தைத்தேன். அழுக்குத் துணியோடு துணியாக எடுத்துத் தைத்து, மடித்து வைத்துவிடுவேன். ஒரு தடவைகூடத் தையல் வெளியே தெரிந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.

ஒரே ஒரு நாள் கை தவறி, அந்த டேப்பை வைத்து வேறொரு அம்மாவுக்குத் துணி வெட்டிவிட்டேன். பேண்ட் தொளதொளவென்று இருந்தது. அவர் கண்ணாடி முன்னால் நின்று, "அடியம்மா, நான் இளைச்சுட்டேன்" என்று கண் கலங்கினார். அதே டேப் ஒருத்தியைச் சந்தோஷப்படுத்தியும் இருக்கிறது என்பதையும் நீங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. டேப் சீட்டை மட்டும் குறைத்துக் காட்டுமா? இடுப்பும் குறைந்தது. இருபத்தைந்து இருபத்து நாலாயிற்று.

"அக்கா, நான் கரைஞ்சு போயிட்டு இருக்கேன்" என்றாள். முகம் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு முட்டை ஆறு முட்டையாயிற்று. வேர்க்கடலையும் வாழைப்பழமும் கட்டிங் மேசை வரை வந்துவிட்டன. நீங்களும் பயந்துபோய் எடையை ஏற்றினீர்கள். எண்பது கிலோ இரும்பை இடுப்பால் தூக்குகிறவள் முப்பத்து மூன்றிலேயே நிற்கிறாள் என்றதும், உங்களுக்கே உங்கள் தொழில் மேல் நம்பிக்கை போய்விட்டதாகச் சொன்னீர்கள். ஒரு வகையில் பார்த்தால், நான் ஒழுங்காக அளந்திருந்தால் அவள் இவ்வளவு உழைத்திருக்கவே மாட்டாள். இதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு நாள் அளந்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையணை கேட்கவில்லை, அதை அவளும் கவனிக்கவில்லை. அழுதாள்.

"என் உடம்புக்கே என்னைப் பிடிக்கலை போலக்கா. எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டேங்குது. நான் சாகற வரைக்கும் பொம்மைதான்."

"விடுடி, இது நம்ம குடும்ப வாகு" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அடுப்படியில் நின்று நான் பாட்டு முணுமுணுத்தேன் என்று என் வீட்டுக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். எனக்கு நினைவில்லை.

கடைசி ஞாயிறு நடந்தது உங்களுக்கே தெரியும். புதுக் கிளைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்குவமாகச் சொல்ல நீங்களே வீட்டுக்கு வந்தீர்கள். உங்களுக்கு ஸ்டூல் இழுத்துப் போட அவள் குனிந்தாள். பேண்டில் உள்மடிப்புத் துணி என்று ஒரு இழைகூட மிச்சமில்லாமல் நான் ஏற்கெனவே விட்டுத் தீர்த்திருந்தேன். டர்ரென்று சீட் கிழிந்தது. அவள் சீட் கிழிந்தபோதே என் சீட்டும் கிழிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழிந்தது துணி. என் தையல் விடவில்லை.

அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பினாள். நீங்கள் துண்டையே பார்த்துக்கொண்டு, "முப்பத்து மூணா இது?" என்றீர்கள். என் வீட்டுக்காரர் எழுந்துபோய், மரத்தில் கோடு போடும் நூலைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தார். "அளவுல சந்தேகம்னா நூலைப் போட்டுப் பாருங்க" என்றார். நீங்கள் சுற்றி எடுத்த நூலைத் தன் இரும்பு டேப்பில் வைத்தார். முப்பத்தாறேகால். பிறகு என் துணி டேப்பை அதன் பக்கத்தில் நீட்டி வைத்தார். என்னுடைய முப்பத்து மூன்றும் அவருடைய முப்பத்தாறேகாலும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பதினோரு வருடம் குடித்தனம் செய்த மனுஷன், அப்படியா காட்டிக் கொடுப்பது?

"ஏன்க்கா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

"பேட்டர்ன் கெட்டுப்போயிடும்டி" என்றேன்.

"அட்டைதானேக்கா. வேற வெட்டியிருக்கலாமே" என்றாள்.

அவ்வளவுதான் அவள் கேட்டது. புதன்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் புதுக் கிளைக்குப் போய்விட்டாள். போகும்போது பின்னாலிருந்து பார்த்தேன், ஒரு டெய்லராகப் பார்த்தேன். அழகான வளைவு. எந்தத் துணியும் அதன்மேல் வழுக்காது.

ஆக, செய்தது நான்தான். டேப்பை இளக்கியதும், பேண்டைப் பிரித்ததும், குடும்ப வாகு என்று பொய் சொன்னதும், அவள் அழுத அன்று நிம்மதியாகத் தூங்கியதும் நான்தான். எல்லாம் பேட்டர்னுக்காக. இப்போது முப்பத்தாறேகாலுக்குப் புது அட்டை வெட்டி மாட்டியிருக்கிறேன். இருபத்தைந்து இடுப்புக்கு அந்தச் சீட் என் வாடிக்கையாளர்களில் யாருக்கும் இல்லை. இருந்தாலும் அட்டை என்று ஒன்று இருக்க வேண்டுமே.

இந்தக் கடிதத்தோடு அவளுக்கு நாலு புதுப் பேண்ட் அனுப்பியிருக்கிறேன், கொடுத்துவிடுங்கள். நல்ல துணி, கச்சிதமான அளவு. சீட்டில் மட்டும் இரட்டைத் தையல் போடாமல், பழைய நூலில் ஒற்றைத் தையல் போட்டிருக்கிறேன். அவள் குந்தி எழும் வேகத்துக்கு மாதம் ஒன்று வீதம் விடும். விட்டால் பிரித்துத் தைக்க என்னிடம்தான் வர வேண்டியிருக்கும். இதிலும் உள்நோக்கம் கற்பிக்க வேண்டாம், கோச். கடையில் நல்ல நூல் தீர்ந்துவிட்டது.