பூதம் உட்காராது

பறக்கும் தட்டு என்று ஒன்று இருந்தால், அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத படத்தை நாங்கள் பாதியில் நிறுத்திவிடுவோம். கல்யாணமான புதிதில் நானும் கோகிலாவும் போட்டுக்கொண்ட சட்டம் அது.

நீங்கள் அந்த மாதிரிப் படங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், சார். வெளிநாட்டுக்காரர்கள் அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் கையில் காசில்லாமல் எடுத்த விஞ்ஞானப் படங்கள். இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளைக் கவிழ்த்து ஒட்டினால் விண்கலம். செவ்வாய்க் கிரகத்துப் பாறையில் கதாநாயகன் முதுகு உரசினால் பாறை ஆடும். ராக்கெட்டின் புகை நம் வீட்டு ஊதுபத்திப் புகை மாதிரி மேலே போகும். நான் எம்.எஸ்சி. இயற்பியல். இந்த ஊரில் டியூஷன் சென்டர் நடத்துகிறவன். விண்வெளியில் மேல் ஏது, கீழ் ஏது என்று முதல் படத்திலேயே கோகிலாவுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

“வாத்தியாரே, கொஞ்சம் சும்மா இரும். அந்த ஆளு மூஞ்சியப் பாரும். நெசமாவே பூமியக் காப்பாத்துதான்” என்றாள்.

பார்த்தேன். உடம்பெல்லாம் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு நடுத்தர வயதுக்காரன். அவன் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. மட்டமான படத்தைப் பார்த்து யாரும் சிரிக்கலாம். அவ்வளவு மட்டமான இடத்தில் நின்றுகொண்டு ஒருவன் அவ்வளவு உண்மையாக இருப்பதைப் பார்த்தால் வருகிற சிரிப்பு வேறு. அதில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. இதை என் கண்டுபிடிப்பு மாதிரி பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கண்டுபிடித்தவள் அவள்.

நாமும் ஒன்று எடுக்கலாம் என்று சொன்னது நான். ‘இளையரசனேந்தலில் இறங்கிய பூதம்.’ சந்திரனிலிருந்து வரும் பூதம், வழி தவறி ஒரு வறண்ட கண்மாயில் இறங்கி, பூமியின் காற்று ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போகும். கதை அவ்வளவுதான். பூதம் கோகிலா. விஞ்ஞானி, டைரக்டர், கேமராமேன் எல்லாம் நான்.

கார் சீட்டு கவர் தைக்கும் பாதுஷா என்னோடு பள்ளியில் படித்தவன். அவனிடம் பச்சை ரெக்சினும் இரண்டு அடுக்கு ஸ்பஞ்சும் கொடுத்தோம்.

“ஏலே கோமதிசங்கரு, இது எந்த வண்டிக்கு?”

“வண்டி இல்லலே. பூதம்.”

“பெட்ரோலா, டீசலா?”

“பழைய சோறுண்ணே” என்றாள் கோகிலா. “பின்னாடி ஜிப்பு மட்டும் பளிச்சுன்னு தெரியணும். ஜிப்பு தெரியாட்டி அது பூதமே இல்ல.”

பாதுஷா பிடரியிலிருந்து இடுப்பு வரை தடித்த பித்தளை ஜிப் வைத்துக் கொடுத்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டு அவன் கடை வாசலில் நடந்து காட்டினாள். டீக்கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எங்கள் படத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

அதற்குப் பிறகுதான் என் புத்தி மாறியது. கேலி செய்கிறவனுக்கு ஒரு கட்டத்தில், தான் நிஜமாகவே பெரிய ஆள் என்று தோன்றிவிடுகிறது. என் பூதத்தைப் பார்த்து ஒருவராவது பயப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். படம் எடுக்கிற அன்று, அவள் உடுப்பைப் போட்டு ஜிப்பை இழுத்துவிட்ட பிறகு, அதன் மேல் ரெக்சின் செதில்களை வரிசையாகப் பசை தடவி ஒட்டினேன்.

“ஜிப்ப மறைக்கீரே வாத்தியாரே” என்றாள் உள்ளேயிருந்து. “பெரிய டைரக்டராயிட்டீரு. இனிமே நம்மளயெல்லாம் எங்க கண்ணுக்குத் தெரியப்போவுது.”

கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சந்திரனுக்கு அதைவிட நல்ல தரை கிடைக்காது. உச்சி வெயிலைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். சந்திரனில் நிழல் கத்தரித்த மாதிரி விழும், அதற்குக் கத்திரி வெயில்தான் சரி என்று விளக்கம் சொன்னேன். ரெக்சினும் ஸ்பஞ்சும் உடம்புச் சூட்டை வெளியே விடாது. தெரியாமல் இல்லை. அந்த வாரம்தான் கோடை வகுப்பில் வெப்பக் கடத்தல் நடத்தியிருந்தேன். உதாரணத்துக்குப் பிளாஸ்க்கைச் சொன்னேன். பையன்கள் நன்றாகப் புரிந்தது என்றார்கள்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தோம். அந்தக் காலத்து ஆட்களிடம் வீணடிக்க பிலிம் கிடையாது. ஒரே டேக்தான். சுவர் விழுந்தாலும், வசனம் மறந்தாலும் படத்தில் இருக்கும். எங்கள் படத்திலும் கேமராவை ஓடவிட்டால் பூதம் சாகும் வரை நிறுத்துவதில்லை.

மீதியை அன்றைக்கே இதே போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் சொல்லியிருக்கிறேன், நியாஸ் அகமது சார். அவள் தள்ளாடினாள், நடிப்பு என்று நினைத்தேன், விழுந்த பிறகுதான் புரிந்தது, செதில்களைப் பிய்த்து ஜிப்பைத் திறக்க நேரமாகிவிட்டது. நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். “விதி தம்பி. மனச விட்டுராதீங்க” என்றீர்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் கோட்டாட்சியரும் விசாரித்தார். என் மாமனார் சங்கரசுப்பிரமணியன் வாசுதேவநல்லூரிலிருந்து வந்து, “எங்க மாப்பிள்ளை தங்கம்யா, அவர ஏன் போட்டுக் கொடையுதீக” என்று அழுதார். கோப்பை மூடிவிட்டீர்கள். சொன்னதில் பொய் குறைவு. ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

பூதத்தின் தலைக்குள்ளிருந்து பேசினால் எட்ட நிற்கிறவனுக்குக் கேட்காது. கையைத் தூக்கினாலும் பயனில்லை, பூதத்தின் வேலையே கையைத் தூக்குவதுதான். அதனால், முடியவில்லை என்றால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நாங்கள் பார்த்த எந்தப் படத்திலும் பூதம் உட்கார்ந்ததில்லை.

அவள் உட்கார்ந்தாள்.

காலை நீட்டி, முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி நெஞ்சில் ஒரு முறை கையை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்போது வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. பூதத்தின் நிழல் காலடியில் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது. இவ்வளவு நேரம் ஓடியதை வீணாக்குவதா என்று நினைத்தேன். செல்போனில் எடுக்கிறவனுக்கு வீணாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

“ஏட்டி, எந்திரி. நீ இன்னும் சாகல” என்று கத்தினேன்.

எழுந்தாள். அதுதான் சார் விஷயம். அவள் எழுந்திருக்காவிட்டால் நான் ஓடியிருப்பேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அவள் எழுந்து நான்கு எட்டு வைத்தாள். ஒரு எட்டு கூட நேராக விழவில்லை. கை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயின. அந்தப் பழைய படங்களில் எந்தப் பூதமும் அப்படிச் செத்ததில்லை. நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். விழுந்த பிறகும், தூசி அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

உங்களிடம் கொடுத்த வீடியோவில் உட்கார்ந்த இடம் கிடையாது. வெட்டிவிட்டேன். பயத்தில் வெட்டினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அப்படி எழுதினால்தான் மனுஷன் மாதிரி இருக்கும். கோகிலாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஆபீஸ் போகிற மாதிரி உட்கார்ந்து படத்தை முழுதாக முடித்தேன். இசை சேர்த்தேன். என் சிரிப்பை எடுத்துவிட்டேன். தலைப்புக்குக் கீழே ‘அன்பு மனைவியின் நினைவாக’ என்று போட்டு, நம் ஊர் இளைஞர்கள் நடத்தும் குறும்பட விழாவுக்கு அனுப்பினேன். கடைசிக் காட்சியில் பூதமாக நடித்தவரின் நடிப்பு அபாரம் என்று பதில் எழுதியிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் திரையிடுகிறார்கள்.

மாமனாருக்குச் சேதி போய்விட்டது. முந்தாநாள் போன் பண்ணினார்.

“மாப்ள, வேன் பேசிட்டேன். எல்லாரும் வாரோம். எங்கள முன் வரிசையில உக்கார வச்சிருங்க. பிள்ளைய நல்லாப் பாக்கணும்.”

“முகம் தெரியாது மாமா. உடுப்புக்குள்ள இருப்பா.”

“தெரியாட்டி என்ன. நட தெரியுமே.”

அவருக்கு அந்த நடை தெரியும். மண்டபத்தில் எல்லோரும் சிரிக்கும்போது அவர் மட்டும் சிரிக்க மாட்டார். மகள் நடிக்கிறாளா இல்லையா என்று அந்த நான்கு எட்டில் அவருக்குத் தெரிந்துபோகும். இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் இங்கே வந்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.

வெட்டாத வீடியோ இந்தச் செல்போனில் இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்தேன், புரிந்துகொண்டேன், எழுப்பிச் சாகவைத்தேன். இந்த வாக்கியத்தை இப்படியே எழுதிக்கொண்டால் போதும். கையெழுத்துப் போடுகிறேன்.

விழாக்காரர்களுக்கு ஒரு போன் போட்டு நீயே படத்தை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். நம்பர் இருக்கிறது. பண்ணவில்லை.

கைது செய்வதாக இருந்தால் திங்கட்கிழமை செய்யுங்கள், சார். ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு எட்டு வரும் இடத்தில் ஜனங்கள் சிரிக்கிறார்களா என்று நான் பார்க்க வேண்டும்.