தங்கையன் காத்து நின்ற விளக்கு

ஜவுளிக்கடையை ஒரு மாலைப் பொழுது மகனிடம் விட்டுவிட்டு, இந்த அவையின் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஐயா அழகியநம்பி அவர்களே! அழைப்பிதழ் அச்சடித்தது முதல் நாற்காலி துடைத்தது வரை அத்தனையும் தன் தோளிலே சுமந்த செயலாளர் வேலாயுதன் அவர்களே! ஸ்ரீவராகத்திலிருந்து இரண்டு பஸ் மாறிக் கழக்கூட்டம் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே! வீட்டு வேலையை முடித்துவிட்டும், முடிக்காமலே விட்டுவிட்டும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன், கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் அனந்தலக்ஷ்மி.

இன்று நம் தமிழ்ச் சங்கம் ஒரு பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறது. முனைவர் பட்டம் பெற்ற பெண். மூன்றாம் வரிசையில், வாசலை ஒட்டிய ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் பிரிஸில்லா. கல்லூரியில் எனக்குப் பக்கத்து மேசை. மேடைக்கு வா, மேடைக்கு வா என்று எத்தனை முறை அழைத்தோம்! வரவில்லை. பொன்னாடை போர்த்த வேண்டிய அமைச்சரும் இன்னும் வரவில்லை. அவர் வரும்வரை பேசிக்கொண்டே இரு என்று வேலாயுதன் என் காதில் சொல்லியிருக்கிறார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்க முடியாது.

பட்டம் எதற்கு? சாலையில் ஓடும் வண்டிகளைக் கணக்கால் கண்காணித்து, கணக்கால் கட்டுப்படுத்துவதற்கு. தாய்மார்களே, உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஆண்களுக்குப் புரியாவிட்டால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அடுப்பில் குக்கர் வைக்கிறோம். உள்ளே ஆவி சிறுகச் சிறுக ஏறுகிறது. விசில் சிறுகச் சிறுகவா வருகிறது? ஒரே அடியாக வருகிறது! மெல்ல ஏறுவது ஒன்று, சட்டென்று மாறுவது ஒன்று, இரண்டும் ஒரே பாத்திரத்தில். சாலையும் அப்படித்தான். வண்டிகள் ஆறாக ஒழுகுகின்றன. விளக்கு சட்டென்று மாறுகிறது. ஒழுகுவதையும் மாறுவதையும் ஒரே கணக்கில் கட்டினால் அதற்குக் கலப்பு அமைப்பு என்று பெயர்.

அந்தக் குக்கரில் இன்னொன்றும் உண்டு. மூடியில் ஒரு சின்ன சேஃப்டி வால்வு. அடுப்பை நான் மறந்தாலும் அது மறக்காது. தானே உருகி ஆவியை வெளியே விட்டுவிடும். அதை நினைவில் வையுங்கள். அதற்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

இந்த மண்டபத்துக்கு வெளியே ஒரு சந்திப்பு இருக்கிறது. ஐ.டி. பார்க் வந்தது, பத்து மாடி வந்தது, பணம் வந்தது, பஸ் வந்தது. நடந்து போகிறவனுக்கு ஒரு வழி வந்ததா? வரவில்லை. கையை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தரே என்றும் கந்தா என்றும் கூவிக்கொண்டு கடந்தோம். அங்கேதான் பிரிஸில்லா தன் கணக்கைக் கொண்டுவந்து வைத்தார். தாருக்கு அடியில் கம்பிச்சுருள் புதைத்து வண்டிகளை எண்ணினார். நெடுஞ்சாலைக்குப் பச்சை, குறுக்குச் சாலைக்குப் பச்சை, நடக்கிறவர்களுக்குப் பச்சை என்று முறைவைத்தார். கூட்டம் பார்த்து விளக்கு மாறியது. என் கண்ணால் கண்டேன். நெடுஞ்சாலை நின்றது, ஒரு கிழவி நிமிர்ந்து நடந்து போனாள்!

விளக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு குழு கூடியது. நானும் போயிருந்தேன். மந்திரி காருக்கு முன்னால் பைலட் வண்டி வரும்போது போலீஸ்காரர் கையாலேயே நெடுஞ்சாலைக்குப் பச்சை போட ஒரு விசை வேண்டும் என்றார்கள். வழக்கம்தானே? பெரியவர்கள் வந்தால் மற்றவர்கள் நிற்க வேண்டும்.

"வச்சுத் தாறேன் சார்" என்றார் பிரிஸில்லா. "ஆனா ரெண்டு நிமிஷம் கழிஞ்சா அது தானே பழைய நெலைக்கு வந்திரும். கணக்குல அப்படி ஒரு வரி எழுதியிருக்கேன்."

ஓர் அதிகாரி மலையாளம் கலந்து கேட்டார்: "மந்திரி வண்டிக்கு டைம் சொல்ல ஒரு மிஷினோ?"

"சார், மனுஷன் மறப்பான். அந்த மறதியையும் கணக்குல சேக்கணும்லா?"

குழுவே சிரித்தது. அந்த வரியை எடுத்தால்தான் கையெழுத்து என்றார்கள். எடுத்தார்கள். ஐயா, குக்கரின் வால்வைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 'இல்லத்தரசிக்கு ஓர் ஈயத்துண்டு புத்தி சொல்வதா?' என்று கேட்பார் உண்டா? உண்டு! இந்த ஊரில் உண்டு!

பிரிஸில்லாவின் அப்பா தங்கையன். பாறசாலைப் பக்கம் வாழை வைத்திருந்தவர். மகளோடு இங்கே ஃபிளாட்டில் வந்து தங்கினார். மாலையானால் அந்தச் சந்திப்புக்கு வந்துவிடுவார். சிவப்பில் யாராவது காலை எடுத்து வைத்தால் போதும், கையைப் பிடித்து இழுப்பார். "நில்லுங்க மக்கா, இது எனக்க மோளு வச்ச வெளக்கு. செவப்பு காட்டினா பச்சையும் காட்டும், கேட்டியளா?" பார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அவருக்குச் சிக்னல் அப்பச்சன், அதாவது சிக்னல் தாத்தா, என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். ஆனாலும் நின்றார்கள். சட்டத்துக்கு நிற்காத ஊர், ஒரு தகப்பனின் பெருமைக்கு நின்றது.

ஒருநாள் மாலை. பார்க்கில் ஏதோ திறப்பு விழா. சைரன் ஊதிக்கொண்டு கார்கள் போயின. போலீஸ்காரர் விசையைத் திருப்பினார். கார்கள் கடந்ததும் அடுத்த சந்திப்புக்கு ஓடினார். விசை திருப்பியபடியே இருந்தது. நெடுஞ்சாலைக்குப் பச்சை, பச்சை, பச்சை. நடக்கிறவர்களுக்குச் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. தானாகத் திரும்பிவர அந்த விளக்குப் பெட்டிக்குள் வரி இல்லையே!

கூட்டம் காத்திருந்தது. முணுமுணுத்தது. பிறகு பழையபடி கையை நீட்டிக்கொண்டு மொத்தமாக இறங்கியது. "வாங்க அப்பச்சா" என்று கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்க மக்கா. பச்சை வரும்."

அடுத்த கூட்டம் சேர்ந்தது, அதுவும் கடந்தது. அவர் நின்றார். எதிர்ப்பக்கம் அவர் மனைவி சரோஜம், ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிறது என்று கையைக் காட்டினார். தங்கையன் மகளின் விளக்கை அண்ணாந்து பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். பிறகு இறங்கினார், தனியாக. கூட்டத்தோடு போயிருந்தால் பிழைத்திருப்பார். லாரிக்காரனைக் குறை சொல்ல முடியுமா? அவனுக்குப் பச்சை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் போலீஸ்காரர் நின்று அழுதார். "மறந்துபோயி மேடம். அங்ஙோட்டும் ஓடணும், இங்ஙோட்டும் ஓடணும். ஞான் ஒருத்தனல்லே உள்ளு?" இரண்டு சந்திப்புக்கும் அவர் ஒருவர்தான்; அவர் பொய் சொல்லவில்லை. மனுஷன் மறப்பான் என்று கணக்கு முன்பே சொல்லியிருந்தது. விசாரணை நடந்தது. என்ன எழுதினார்கள் தெரியுமா? விளக்கு முறையாக இயங்கிக்கொண்டிருந்தது. பாதசாரி சிவப்பில் கடந்தார். அடப் பாவிகளா! இந்த ஊரிலேயே சிவப்பில் கடக்காத ஒரே மனிதரை, சிவப்பில் கடந்தவர் என்று எழுதிவிட்டீர்களே!

அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிப் பிரிஸில்லா கேட்காத வாசல் இல்லை. ஆகட்டும் என்றார்கள், பார்க்கலாம் என்றார்கள், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போனது கீழே வரவில்லை. பட்டம் வந்தது, பாராட்டு வந்தது, பொன்னாடை வந்தது. வரி வந்ததா? எல்லாக் கேள்விக்கும் ஒரு விடை உண்டு என்று வகுப்பில் சொல்கிறவள் நான். இங்கேயும் விடை இருக்கிறது, அதை வேண்டாம் என்கிறார்கள். அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை? என் கணக்குக்கு என்ன வேலை? நம்பிக்கையோடு முடி என்று இந்த அவை எதிர்பார்க்கும். என்னிடம் இல்லை, தாயே. இருந்தால் தரமாட்டேனா?

அதோ... கேட்கிறதா? கொஞ்சம் அமைதியாக இருங்கள். சைரன்.

வேலாயுதன், மாலையை எடுக்காதீர்கள். எல்லோரும் வாசலைப் பார்க்கிறீர்கள். மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியைப் பாருங்கள். காலி. சைரன் கேட்டால் அவர் இப்படித்தான் எழுந்து போவார். வகுப்பின் நடுவிலும் போயிருக்கிறார். சாப்பிட்ட கையோடும் போயிருக்கிறார். கார்கள் கடந்த பிறகு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். "சாரே, அதொண்ணு திருப்பி வைக்கணே" என்பார். போலீஸ்காரர் திருப்பி வைக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டார். கணக்கில் எடுத்துப்போட்ட அந்த ஒரு வரிக்குப் பதிலாகச் சாலையில் ஒரு மகள் நிற்கிறாள், ஐயா!

எத்தனை காலம் நிற்பாள்? ஒருநாள் காய்ச்சல் வராதா? ஒருநாள் வெளியூர் போகமாட்டாளா? அவளும் மனுஷிதானே, ஒருநாள் மறக்கமாட்டாளா?

தலைவர் அவர்களே, அந்தப் பொன்னாடையைத் தாருங்கள். நான் சந்திப்புக்குக் கொண்டுபோகிறேன். போர்த்தியே ஆக வேண்டும் என்றால் அமைச்சரும் வரட்டும். காரை விட்டு இறங்கி, நடந்து வந்து, அந்தச் சிவப்புக்கு எதிரே தங்கையன் நின்ற இடத்தில் நிற்கட்டும். பொறுத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி. வீட்டுக்குப் போகும்போது தனியாகக் கடக்காதீர்கள். வணக்கம்.