கேன்டர்பரி யாரு?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவனுடைய போன் அவள் கையில் இருந்தது.

“யாருங்க அந்தக் கேன்டர்பரி?”

“ஆளு இல்லடி. ராக் மியூசிக்ல ப்ரோக்ரெசிவ்னு ஒண்ணு இருக்கு. அந்த பேண்டுங்க பாட்ட போன்ல வகை வகையா பிரிச்சு வச்சிருக்கேன். சிம்போனிக், ஸ்பேஸ், கேன்டர்பரி. அது இங்கிலாந்துல ஒரு ஊரு.”

“மத்ததுக்கெல்லாம் ஊரு பேரு வைக்கலியே?”

“அந்த ஊர்ப் பசங்க ஆரம்பிச்ச பாணி. அப்புறம் எந்த ஊர்க்காரன் அப்படி வாசிச்சாலும் அதே பேருதான்.”

“அந்த ஊர்லயே இல்லாதவங்களுக்கும் அந்த ஊரு பேரா?”

“ஆமா.”

“உங்க வூட்டுல என்னைய வேப்பந்தட்டைக்காரின்னுதான் கூப்புடுறாங்க. ஊரு பேரச் சொன்னா அது பொம்பளதான்.”

அவன் இயர்போனை எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டான். பஸ் பேரளியைத் தாண்டும்வரை அவள் அசையாமல் கேட்டாள்.

“ஆர்கனும் டிரம்ஸும்தான் கேக்குது. ஒருத்தரும் பாடல.”

“இந்த வகையில அப்படித்தான். வாசிப்புதான் அதிகம்.”

அவள் இயர்போனைக் கழற்றி அவன் மடியில் போட்டாள்.

“அவ பாடுனத மட்டும் அழிச்சிட்டீங்க, இல்ல?”