காணாமல் போன கந்தகம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள், கல்யாணப் பேச்சில். ஒருவர் மாப்பிள்ளையின் அத்தை. மற்றவர், லண்டனில் ஆராய்ச்சி செய்யும் பெண்ணின் அம்மா.

“நிரந்தர வேலைன்னாதான் அண்ணன் சம்மதிப்பாரு அக்கா. பொண்ணு என்னதான் செய்யுது?”

“நட்சத்திரம் பொறக்குற மேகத்துல கந்தகம் இருக்கணுமாம். இருக்க வேண்டியதுல பெரும்பகுதி காணோமாம். அத தேடுறா.”

“காணோம்னா போலிஸ்ல ரிப்போர்ட் செய்யணும் லா!”

முறை அதுதான். ஆனால் எந்த ஸ்டேஷன் எல்லை என்று முதலில் கேட்பார்கள்.

“சிரிக்காதீங்க. தூசு மேல படிஞ்ச பனியில ஒளிஞ்சிருக்கலாம்னு சொல்றா.”

“இன்னுமா கெடைக்கல?”

“இல்ல. இவளுக்கு முன்னாடி தேடுன ப்ரொபசர், கெடைக்காமலே ரிட்டையர் ஆயிட்டாரு.”

சொன்ன பிறகுதான் அம்மாவின் முகம் வாடியது. சம்பந்தம் கைநழுவியது என்றே நினைத்திருப்பார்.

“பென்ஷனோடவா?”

“ஆமா. முழு பென்ஷன்.”

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்போ நிரந்தர வேலைதானே அக்கா! அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். பொண்ணுகிட்ட மட்டும் சொல்லி வைங்க, அவசரப்பட்டு கண்டுபிடிச்சிட வேணாம்னு.”