சேற்றைப் படம் பிடித்தவன்

ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையில் கரிக்கோடு போதும் ஐயா. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குக் கூழாங்கல். கொட்டைக்கு வால் இல்லையே என்று நான் குறைப்பட்டதில்லை. ஆடத் தெரிந்தவனுக்கு அதுவே புலி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

ராம்கி சென்னைப் பையன். கம்ப்யூட்டரில் ஆடுகிற கேம் செய்யும் கம்பெனியில் வேலை என்றான். குடவாசலில் அறை எடுத்துத் தங்கி, தினமும் என் வயலுக்கு வந்தான். கேமில் ஒரு ஊர் வருகிறதாம், அதற்கு என் வயல்தான் பொருத்தமாம். வரப்பைப் படம் பிடித்தான், மோட்டார் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தான். அதுவரை சரி. ஒரு நாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெறும் சேற்றைப் பிடித்தான்.

"சேத்துல என்ன தம்பி இருக்கு?"

"மண்ணு அச்சு அசலா இருக்கணுங்க ஐயா. இல்லன்னா பசங்க அப்பவே மூடிட்டுப் போயிடுவாங்க."

"வெளையாடுறவன் மண்ணையா பாப்பான்?"

"மொதல்ல அதத்தாங்க பாப்பான். படம் நல்லால்லன்னா கேமே இல்ல."

என் மனைவி காத்தாயி சிரித்தாள். "அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லுது. எல்லாரும் உங்கள மாதிரியா? பொண்ணு பாக்க வந்துட்டு எங்கப்பா மாட்டையே பாத்துக்கிட்டு இருந்த ஆளு."

நான் சிரிக்கவில்லை. எண்ணெய்க்குத் துளை போட வந்தவர்களும் எங்கள் பக்கத்தில் முதலில் மண்ணைத்தான் பார்த்தார்கள். அவர்களும் நன்றாகத்தான் பேசினார்கள். என் தம்பி நெடுஞ்செழியன் நம்பினான். அவன் நிலத்தில் இன்றைக்கும் புல் முளைக்கவில்லை. எனக்கு இருப்பது இந்த ஒரு வயல்.

மறுநாள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே நின்று அவன் போனில் பேசினான். "பெரியவர் நெலம் முழுக்க மேப்புல வந்துருச்சுடா. இந்த லெவல் முடிஞ்சுது. அடுத்த வாரம் மத்தவங்களையும் கூட்டிட்டு வரேன்."

மேப். லெவல். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் இந்த இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும். நிலம் அளக்க வருகிற சர்வேயர் வாயில் வருபவை. விளையாட்டுச் சாமான் செய்கிறவன் வாயில் ஏன் வரவேண்டும்?

நான் சத்தம் போடவில்லை. அழகாக எதையாவது காட்டினால் அவன் எங்கே வேண்டுமானாலும் காலை வைப்பான் என்று பார்த்து வைத்திருந்தேன். "தெக்கு வரப்புக்குப் போ தம்பி. பொழுது சாயுறப்ப வானம் மொத்தமும் வயல் தண்ணியில கெடக்கும்" என்றேன். பொய்யில்லை, அப்படித்தான் இருக்கும்.

"ஐயா, நீங்க எங்க கம்பெனில இருக்க வேண்டிய ஆளு" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான்.

தெற்கு வரப்பில் எலிக்குக் கரண்ட் கம்பி கட்டியிருக்கிறேன். அணைக்க மறந்த கம்பியை மிதித்துச் செத்தான் என்று உங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்கள். மறக்கவில்லை ஐயா. கம்பி அணைந்துதான் கிடந்தது. அவன் அந்தப் பக்கம் இறங்கியதும் கொட்டகைக்குள் போய் நான்தான் சுவிட்சைப் போட்டேன். கேமரா நனையாமல் தூக்கிப் பிடித்தபடி விழுந்தான். என்ன சத்தம் என்று காத்தாயி கேட்டாள். எலி என்றேன்.

சொல்லாமலே இருந்திருப்பேன். நேற்று அந்தக் கேமைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினீர்களே, அதனால்தான் சொல்கிறேன். என் வயல்தான். சேறு, தொட்டால் கையில் ஒட்டும்போல இருந்தது. வரப்பில் ஒரு கிழவன், என் மீசை, என் துண்டு, என் வளைந்த முதுகு. ஆடுகிறவன் கிட்டே போனால் அந்தக் கிழவன் சொல்கிறான்: "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா? வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க." காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் ராம்கியிடம் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை ஐயா. ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. அவன் பொய்க்காரன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?